பிஸ்கட் ரின்னுக்குள் 20 கப்சூல்: திருகோணமலை மருந்தகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் மருந்தகம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் மருந்தாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் 31 வருடம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் 78 வயது அம்மாவோடு இருப்பதால் உங்கள் கடைப்படி ஏறாத மாதம் எனக்கு இல்லை. அன்ரிபயோட்டிக், அதாவது பக்டீரியாக் கிருமிக்கு எதிரான மருந்து கொடுக்கும்போது, அதை எப்படிப் போடுவது என்றும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாரிக்கு அம்மாவின் இடது கால் கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கியது. தோலுக்குள் கிருமி என்று சொல்லி வைத்தியர் ஃப்ளூக்ளொக்சசிலின் எழுதினார். பென்சிலின் வகை அன்ரிபயோட்டிக் அது. 250 மில்லிகிராம் கப்சூல், தடவைக்கு இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, 7 நாள். மொத்தம் 56. எந்தக் கடையில் வாங்கினேன் என்பது வேண்டாம். மழை, கூட்டம், எல்லாருக்கும் அவசரம். ஒரு பெடியன் அட்டைகளை வெட்டிக் கடதாசி உறைக்குள் போட்டான், மேலே 2×4 என்று கிறுக்கினான், காசை வாங்கினான், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "உங்களுக்கு?" என்றான். நானும் ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அம்மா 2×4ஐ தன் பாட்டுக்கு வாசித்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, பின்னேரத் தேத்தண்ணியோடு, இரவு எட்டு மணிக்கு இடியப்பத்துக்குப் பிறகு. நாலு வேளை, கணக்குச் சரி. ஆனால் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை 12 மணித்தியாலம் உடம்புக்கு மருந்தே போகவில்லை. வயிறு நிரம்பியிருந்தால் இந்த மருந்து உடம்பில் சேருவதும் குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ, இரண்டு மணித்தியாலம் பின்னோதான் போட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

நாலாம் நாள் வீக்கம் வற்றியது. "சூட்டு மருந்து, வயிறு எரியுது, இனிப் போதும்" என்று அம்மா நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. மிச்சம் 24 கப்சூலும் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கும் பிஸ்கட் ரின்னுக்குள் போயின. அதில் நாலை, பல்லுக்குத்து என்று வந்த பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு கிழமையில் கால் மறுபடி வீங்கி, ஐந்து நாள் வார்டில் கிடந்து ஊசி போட்டுத்தான் மாறியது. இடையில் நிறுத்தியதால்தான் திரும்பி வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. வார்டிலிருந்து வந்த அன்று ரின்னைத் திறந்தேன். 20 கப்சூல், எப்போதோ மிஞ்சிய மஞ்சள் குளிசை இரண்டு, சிவப்பு நூல் சுற்றிய ஒரு ஊசி.

சரி, அம்மாவின் பிழைக்கு மருந்தகத்துக்கு ஏன் மடல் என்று கேட்பீர்கள். வைத்தியரிடம் எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரமும் நோயைப் பற்றிய கதையிலேயே போய்விடும். மருந்து கையில் வரும் இடம் உங்கள் மேசை. வீட்டுக்குப் போகுமுன் கடைசியாக எங்களோடு கதைக்கிற படித்த ஆள் நீங்கள்தான். அந்த இடத்தில் "அடுத்தது" என்ற ஒரு சொல்தான் எங்களுக்குக் கிடைக்கிறது.

இந்தச் 'சூடு' என்ற விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அன்ரிபயோட்டிக் என்றாலே சூடு. சூட்டைத் தணிக்க ஒரு கோப்பை பால், அல்லது சட்டித் தயிர். நல்ல எண்ணம்தான். ஆனால் சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக்கைப் பாலோடோ தயிரோடோ போட்டால் அதிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. கர்ப்பிணிகளும் இரத்தம் குறைந்தவர்களும் போடும் இரும்புச்சத்துக் குளிசையும், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அமிலம் தணிக்கும் மருந்தும் அப்படியே. டொக்சிசைக்கிளின் என்ற இன்னொரு அன்ரிபயோட்டிக்குக்கும் இரும்பும் அமிலம் தணிக்கும் மருந்தும் ஒத்துவராது. ஆக நோயாளி ஒரு வேளை தவறாமல் குளிசை போட்டிருப்பார், மருந்து முழுதாக உள்ளே போயிருக்காது. "தயிர் வேண்டாம்" என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் கிழவிகள் கேட்க மாட்டார்கள். "தயிரை விடச் சொல்லவில்லை அம்மா, குளிசை போட்டு நேரம் போகட்டும், பிறகு சாப்பிடுங்கோ" என்றால் கேட்பார்கள். எங்கள் பாஷையில் எங்களோடு கதைக்கிற ஒருவரால்தான் இது முடியும்.

டொக்சிசைக்கிளின் என்றதும் தம்பலகாமத்து, கந்தளாய் வயல்காரர் ஞாபகம் வருகிறார்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயல் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் கொடுப்பார்கள். விடிய எழும்பி ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு மறுபடி படுத்தால் அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு முறை நெஞ்சு எரிந்தவர் அடுத்த கிழமை போட மாட்டார். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர், போட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். சொல்ல 10 செக்கன் போகாது.

பிறகு நோன்பும் விரதமும். றமழானில் பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாதவரிடம் 8 மணித்தியாலத்துக்கு ஒன்று என்று அமொக்சிசிலினைக் கொடுத்தால் அவர் எப்படிப் போடுவார்? விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒன்று, நோன்பு திறக்க இரண்டு என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கும் எங்கள் பெண்களும் அப்படித்தான். "நோன்பா? விரதமா?" என்று முதலிலேயே கேட்டால், வைத்தியருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, ஒரு நேரமோ இரண்டு நேரமோ போடக்கூடிய வேறு மருந்து சரிவருமா என்று பார்க்கலாம்.

நல்ல மருந்தாளரையும் பார்த்திருக்கிறேன். வார்டிலிருந்து வந்தபின் வேறொரு கடையில் ஒரு பிள்ளை, வயது முப்பதுக்குள் இருக்கும், மருந்தை நீட்டுமுன் இரண்டு கேள்வி கேட்டது. "அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் எப்பவாவது தோல் தடித்ததா, மூச்சு முட்டினதா?" பிறகு, "எத்தனை மணிக்கு எழும்புவா, எத்தனை மணிக்குப் படுப்பா?" அம்மா விடியப் பள்ளிவாசலில் சொல்லும் சுபஹ் பாங்கோடு எழும்புகிறவர் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை உறைமேல் 2×4 எழுதவில்லை. "விடிய 5½, முற்பகல் 11, பின்னேரம் 5, படுக்கும்போது 10½, வெறும் வயிற்றில்" என்று தமிழில் எழுதியது. "வயிறு கொஞ்சம் இளகினால் பயப்பட வேண்டாம். தோல் தடித்தாலோ முகம் வீங்கினாலோ நிப்பாட்டிப்போட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கோ, அடுத்த வேளை கிட்டவென்றால் விட்டிடுங்கோ, இரட்டிப்பாய் வேண்டாம்." கடைசியில்தான் எனக்குள் இருந்த வாத்தியாரம்மா எழும்பி உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை கேட்டது: "இப்ப நீங்கள் சொல்லுங்கோ பாப்பம், எப்படிக் குடுப்பீங்கள்?" வகுப்பில் நான் 31 வருடம் செய்ததையே அந்தப் பிள்ளை எனக்குச் செய்தது. இரண்டு இடத்தில் பிழை விட்டேன், திருத்தினது. எல்லாமாக மூன்று நிமிடம்.

எல்லா மருந்தையும் எல்லாரும் நீண்ட நாள் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று இப்போது மருத்துவ உலகிலேயே பேசுகிறார்கள். 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் இதைப் பற்றி வந்த கட்டுரை பெரிய வாதத்தைக் கிளப்பியது. அந்த நாளைக் குறைப்பது வைத்தியரின் வேலை, பிஸ்கட் ரின்னின் வேலை இல்லை. காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவர் தொண்டைநோவுக்குத் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவு போடுகிறார். அவருடைய கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் படித்துக்கொண்டது. அது மனைவிக்குத் தொற்றி நியூமோனியா ஆகிறது, மருந்து வேலை செய்யவில்லை, மனைவி இறந்துபோகிறார். கிருமிக்குப் படிப்பிப்பது என்ற அர்த்தத்தில்தான் அவரும் பேசினார். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் போன நாலு கப்சூலை நினைத்தால் எனக்கு இந்தக் கதைதான் வருகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

கடை முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கஷ்டம் தெரியும். "துண்டில்லாமல் தர மாட்டேன்" என்றால் வந்தவர் அடுத்த கடைக்குப் போவார். தடிமனுக்கு நாலு அமொக்சிசிலின் கேட்பவரோடு வாதாட உங்களுக்கு நேரம் இல்லை. தடிமன் வைரசால் வருவது, அதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். தனியாக மறுத்தால்தான் நட்டம். அனுராதபுரச் சந்தியிலிருந்து உப்புவெளி வரை எல்லாக் கடையும் ஒரே நாளில் ஒரே பதிலைச் சொன்னால் போகிறவர் எங்கே போவார்? அப்புறம், மருந்தாளர் கதைத்துக்கொண்டு நிற்கும்போது "என்ன அங்க கதை?" என்று பின்னாலிருந்து கத்தாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். மேசையின் ஒரு ஓரத்தில் இரண்டு கதிரை போட்டாலே போதும், வயதுபோனவர் இருந்து கேட்பார்.

காசில்லாமல் பாதி மருந்து வாங்க வருகிறவரையும் திட்டாதீர்கள். "மிச்சத்தை எப்ப வாங்குவீங்கள்?" என்று கேட்டு, உறையில் அந்தத் திகதியை எழுதி, கொப்பியில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

என்னால் முடிந்தது ஒன்று. கையெழுத்து எனக்கு நல்லது. நேரத்தை நிரப்ப இடம் விட்டு, "வெறும் வயிற்றில்", "சாப்பாட்டோடு", "பால், தயிர், இரும்புக் குளிசையோடு வேண்டாம்", "வைத்தியர் சொன்ன நாள் வரை", "மிஞ்சினால் யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று தமிழில் பெரிய எழுத்தில் சிட்டைகள் எழுதி வைத்திருக்கிறேன். சிங்களத்திலும் எழுதித்தர என் பழைய சக ஆசிரியை சம்மதித்துவிட்டார். போட்டோக்கொப்பி செலவு என்னுடையது. இந்த மாதம் ஒவ்வொரு கடையாக வருவேன். கூட்டம் குறைந்த நேரம் எதுவென்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை