'இரண்டு வயர்' வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில், பழைய கார்களில் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பொயின்ற்ஸ் என்ற தொடுமுனைகளைக் கழற்றி, அதே வேலையைச் செய்யும் மின்னணு மொடியூலை, அதாவது எலெக்ட்ரோனிக் இக்னிஷனைப் பூட்டுவது "இரண்டு வயர் கொழுவுகிற அரை மணித்தியால வேலை" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் பேனாவுக்கு மூடி பூட்டியதோடு சரி போலும்.

என்னிடம் இருப்பது 1965 ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். 1967 இல் மார்க் 2 வரும்வரை அந்தக் கார்கள் பொசிட்டிவ் எர்த் (பற்றரியின் நேர்முனை கார் பொடியோடு இணைந்தது) என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கொழும்பில் பேர்போன ஒரு கராஜில் நெகட்டிவ் எர்த் மொடியூலைப் பூட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் கருகிப்போனது. "பழைய வயரிங் ஐயா" என்று பில்லையும் நீட்டினார்கள். அப்புறம் காத்தான்குடித் தம்பி ஒருவர் சரியானதைப் பூட்டித் தந்தார். கார் ஸ்டார்ட் ஆனது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீற்றரின் முள்தான் அசையவில்லை. டயலில் ஆர்.வி.ஐ. என்று அச்சிட்ட ஸ்மித்ஸ் மீற்றர் அது. தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலுக்குப் போகும் வெள்ளை வயர் அதன் முதுகில் வளைந்துதான் போகும். அந்த வயரில் கரண்ட் விட்டுவிட்டு ஓடுவதை வைத்தே முள் நகரும். பொயின்ற்ஸ் போய் மொடியூல் வந்தால் அந்த ஓட்டம் மாறிவிடலாம். கடைசியில் மீற்றருக்குள் பொசிட்டிவ் எர்த்துக்கு ஏற்ற புதிய சர்க்கிட் வைத்து, கொயிலின் டிஸ்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டியதாயிற்று. இதுதான் உங்கள் அரை மணித்தியாலம்.

பொயின்ற்ஸை விட்டுவைத்திருக்கலாமே என்பீர்கள். 0.015 அங்குல இடைவெளியை மாதாமாதம் குனிந்து பார்க்க என் முதுகு விடுவதில்லை. கல்லடி உப்புக்காற்றில் எர்த் முனைகள் பச்சை பிடிப்பது வேறு. ஆனால் தங்கள் பத்திரிகைக்கு மட்டக்களப்பு என்றால் பாடும் மீனும் தயிர்ச் சட்டியும், வெள்ளம் வந்தால் ஒரு படமும்தானே! பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை என்பீர்கள். அதற்கு இரவு பஸ் ஏறுவது நாங்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது "பழையதைப் பேணுங்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். பேணுகிறவன் 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் அனுப்பிய கடிதம் இன்னும் அச்சேறவில்லை. பரவாயில்லை, இடநெருக்கடி இருந்திருக்கும்.

கேட்பது நாலு வரித் திருத்தம்தான்: பூட்டுமுன் எர்த் எதுவென்று பாருங்கள், மீற்றர் கரண்ட் ஓட்டத்தை வைத்து நகரும் ஆர்.வி.ஐ.யா, கொயிலின் மின்னழுத்தத்தை வைத்து நகரும் ஆர்.வி.சி.யா என்று டயலைப் பாருங்கள், ஆர்.வி.ஐ. என்றால் மொடியூலுக்கான மின்சாரத்தை மீற்றருக்கு முன்னாலேயே எடுங்கள். விளம்பரங்கள் போக மூலையில் இடம் மிஞ்சினால் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.