லேபல் கழன்ற ஐஞ்சு போத்தல்

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. இங்க எல்லாரும் சுகம். மாரி நல்லாப் பிடிச்சிட்டுது, இரணைமடுக் குளமும் நிரம்பிக்கொண்டு வருது. வவுனிக்குளம் எப்பிடி எண்டு எழுது.

லேபல் கழன்ற ஐஞ்சு வெள்ளைத்தூளை வைச்சு எட்டாம் ஆண்டுப் பிள்ளையளுக்குப் பாடம் நடத்தலாமோ எண்டு கேட்டிருந்தாய். தாராளமா நடத்து. ஆனா போத்தல் எங்க இருந்தது எண்டு நீ எழுதேல்லை. குசினித் தட்டில இருந்ததெண்டால் சரி. கிணத்தடியிலயோ, மருந்தடிக்கிற டாங்கிக்குப் பக்கத்திலயோ இருந்ததெண்டால் தொடாதை. கிணத்துக்குப் போடுற குளோரின் தூளும் வெள்ளைதான். அதில வினாகிரி பட்டால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைச்சுக் குளோரின் போட்டால் வருமே, அந்த மணம் இலேசா அடிச்சாலும் மூடி வைச்சிடு. மூக்கைக் கிட்டக் கொண்டு போகாமல் கையால விசிறித்தான் மணக்க வேணும். நாக்கில வைச்சுப் பார்க்கிற கதையே வேண்டாம், சீனி எண்டு நிச்சயமாத் தெரிஞ்சாலும்.

தண்ணிக்கு மழைத்தண்ணி பிடிச்சு வை. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. உடுப்புத் தோய்க்கிற தூளை, அதுதான் சலவைச்சோடாவை, அதில போட்டால் உடனே வெள்ளையாக் கலங்கும். பிள்ளையள் அதை மா எண்டு எழுதிப்போடுங்கள்.

முதல் சோதினை கரையிறது. இதில எல்லாரும் விடுற பிழை, தண்ணியை அளக்காமல் ஊத்திறது. கோப்பை நிறையத் தண்ணி விட்டால் சீனி, உப்பு, அப்பச்சோடா மூண்டும் கரைஞ்சு போகும், ஒண்டும் விளங்காது. ஒரு தட்டைத் தேக்கரண்டி தூளுக்கு 20 மில்லிலீற்றர் மட்டும் விடு. சீனி சுகமாக் கரையும். உப்பு மூண்டு நாலு நிமிசம் கலக்கினால் ஏறக்குறைய முழுக்கக் கரையும், ஏனெண்டால் அவ்வளவு தண்ணி 7 கிராம் உப்புத் தாங்கும். அப்பச்சோடா 2 கிராம் அளவிலதான் கரையும், பாதிக்கு மேல அடியில தங்கும். மா வகை பால் மாதிரிக் கலங்கிப் பிறகு அடையும்.

அடுத்தது வினாகிரி. கால் தேக்கரண்டித் தூளில முதல் தண்ணி 10 துளி விட்டுப் பார். தண்ணிக்கே பொங்கினால் அது பேக்கிங் பவுடர். சோடாவும் அமிலத்தூளும் மாவும் அதுக்குள்ளயே கலந்து கிடக்கு. மாரியில ஈரம் குடிச்ச பேக்கிங் பவுடர் செத்துப்போய்ப் பொங்காமலும் இருக்கும், அதையும் மனசில வை. தண்ணிக்குப் பேசாமல் இருந்து வினாகிரிக்குப் பொங்கினால் உடனே அப்பச்சோடா எண்டு எழுத விடாதை. தோய்க்கிற தூளும் பொங்கும், பழஞ்சுண்ணாம்பும் பொங்கும். அதுக்குத்தான் மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு மேசைக்கரண்டி ஸ்பிரிட்டில கலக்கி, தெளிவில வெள்ளைத்தாளைத் தோய்ச்சு நிழலில காயவிடு. நெருப்புக் கிட்ட வேண்டாம். தோய்க்கிற தூளும் முழுக்கப் பழசாகாத சுண்ணாம்பும் தாளைச் செக்கச் சிவப்பாக்கும்; அப்பச்சோடா இலேசாத்தான் நிறம் மாத்தும்.

அயடீனை மஞ்சள் தாளுக்குப் பிறகுதான் எடு. காயத்துக்குப் பூசுற மருந்தில 5 துளியை ஐஞ்சு தேக்கரண்டித் தண்ணியில விட்டால் சாயத்தேத்தண்ணி நிறம் வரும், அது காணும். மாவில பட்டால் கருநீலம். கோதுமைமா, அரிசிமா, மரவள்ளி, ஒடியல் எல்லாத்துக்கும் அதே நிறந்தான், அதால மா எண்டு மட்டுந்தான் சொல்லலாம். சூட்டுக் கஞ்சியில நீலம் மறையும், ஆறினால் திரும்ப வரும். தோய்க்கிற தூள் கலந்திருந்தால் அயடீனே வெளிறிப்போகும். மஞ்சள் தாளை முதல் பார்க்கச் சொன்னது அதுக்குத்தான். கோதுமைமாவைக் குழைச்சுத் தண்ணியில கழுவினால் ரப்பர் மாதிரி ஒரு பசை கையில மிஞ்சும். கோன்மாவில (சோளமா) அரைவாசிக்குத் தண்ணி விட்டால் இறுக்கிப் பிடிக்கேக்க கல்லு, கையை விட்டால் வழியும்.

சூடாக்கிறதுதான் எனக்கு இதில விருப்பமான பகுதி. சீனி உருகி, மண்ணிறமாகி, கருகும். அது ஆருக்கும் தெரியும். உப்பு வெடிச்சுத் துள்ளும், ஆனா உப்பாவே இருக்கும். அது உருகவே 801 பாகை செல்சியஸ் வேணும். உப்பைப் பிரிக்க மின்சாரம் வேணும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில உப்புக் கரைசலுக்க மின்சாரம் விட்டுத்தான் எரிசோடாவும் குளோரினும் எடுத்தவை. பிள்ளையளுக்கு அதைக் கட்டாயம் சொல்லு.

பிறகு அப்பச்சோடா 10 கிராம் நிறுத்து, சட்டியில மெல்லிய நெருப்பில அரை மணித்தியாலம் கிளறு. கிளறேக்க தூள் தண்ணி மாதிரி அலையும், ஆவியும் வாயுவும் வெளியேறுறதால. இறக்கி ஆறவிட்டுப் பார்த்தால் அதே வெள்ளைத்தூள். தராசில வை: 6.3 கிராம் அளவிலதான் நிக்கும். ஒரு துளி தண்ணியோட மஞ்சள் தாளில வை, இப்ப நல்லாச் சிவக்கும். அது இனி அப்பச்சோடா இல்லை, சலவைச்சோடா. கண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லாமல் இரசாயன மாற்றம் நடந்திருக்கு. கரைஞ்சு காணாமல் போன உப்போ தண்ணியை வத்த விட்டால் திரும்பி வருது. இந்த இரண்டையும் ஒரே மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டு.

இரண்டு சோதினையாவது ஒரே பதிலைச் சொன்னால்தான் போத்தலுக்குப் பேர் ஒட்டு. ஒண்டுக்கும் பிடிபடாததைச் சமையலுக்கு எடுக்காதை.

உறைக்குள்ள மஞ்சள் தாள் பத்து வைச்சிருக்கிறன். வெயில் படாமல் புத்தகத்துக்க வை, இல்லாட்டி வெளிறிப்போகும்.

அன்புடன்,
உன்ர நண்பன்