தலைப்பிள்ளைக்குத் திகதி தவறினால் முடிவெடுப்பது யார், எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கிராமமொன்றில் தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு, கிளினிக்கில் குறித்துக் கொடுத்த திகதி கடந்து நான்கைந்து நாட்களாகிவிட்டால், வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. "ஆஸ்பத்திரியில் மருந்து வைத்து வலி வரப்பண்ணுவார்கள், கடைசியில் வயிற்றைத்தான் வெட்டுவார்கள்" என்று மாமியார் அஞ்சுவார். "இங்கே 39 கிழமையிலேயே வலி வரப்பண்ணுகிறார்கள், நீங்கள் ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கனடாவிலுள்ள சித்தி தொலைபேசியில் கேட்பார். துணுக்காய், மல்லாவிப் பக்கத்தில் நீண்ட காலம் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், மருந்தால் வலியைத் தூண்டுவதா, தானாக வரும்வரை காத்திருப்பதா என்ற இந்த முடிவைப் பற்றிய பேச்சு கர்ப்பத்தின் 36ஆம் வாரத்திலேயே, கிளினிக்கில், தாயையும் கணவரையும் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் ஒன்றாக இருத்தி வைத்து நடக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் திகதியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டி வருவதே பிரசவத் திகதி. அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான், தலைப்பிள்ளைகள் சில நாட்கள் பிந்துவதும் வழமையே. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கான் கர்ப்பகாலத்தை ஒரு வாரத்துக்குள் சரியாகச் சொல்லிவிடும். கடைசி மூன்று மாதங்களில் எடுப்பதோ மூன்று வாரம் வரை முன்பின்னாகலாம். பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு கர்ப்பிணி அட்டை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதில் இரண்டு திகதிகள் இருந்தன: நீலப் பேனாவில் மாதவிடாய்க் கணக்குப்படி ஒன்று, அதற்குக் கீழே ஏழாம் மாத ஸ்கானின்படி சிவப்புப் பேனாவில் மற்றொன்று, இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வாரம். வீட்டார் தங்களுக்கு ஆறுதலான பிந்திய திகதியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாள் இருக்கிறது" என்று அந்தப் பெண்ணை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். முதல் ஸ்கான் காலத்தோடு எடுக்கப்பட்டிருந்தால் அந்தச் சிவப்புத் திகதிக்கு வேலையே இருந்திராது. மாதவிடாய் தள்ளிப்போனதும் காலந்தாழ்த்தாமல் பதிவுசெய்யுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிவதன் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

திகதி உறுதியாகத் தெரிந்தபின், காத்திருக்கலாமா என்ற கேள்விக்குத் தெளிவான அடிப்படை உண்டு. 41 வாரம், அதாவது 40 வாரமும் 7 நாளும், நிறைந்தது உறுதியென்றால் வலியைத் தூண்டும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேறு சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்கு முன்னதாகத் தூண்டுமாறு அது சொல்லவில்லை. காரணம், நாள் செல்லச் செல்ல குழந்தைக்கு ஊட்டமளிக்கும் நச்சுக்கொடி முன்போல வேலை செய்யாமற் போகலாம், குழந்தையைச் சூழ்ந்துள்ள பன்னீர் குறையலாம், குழந்தை வயிற்றினுள்ளேயே மலங்கழித்து அதை மூச்சோடு உள்ளிழுக்கலாம், அரிதாக வயிற்றிலேயே இறந்தும் போகலாம். சுவீடனில் 2,760 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 41ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களிடையே ஒரு சிசுவும் இறக்கவில்லை, 42ஆம் வாரம் வரை காத்திருந்தவர்களிடையே ஆறு சிசுக்கள் இறந்தன. அதனால் ஆய்வை இடைநடுவிலேயே நிறுத்தினார்கள். இதை வைத்து எவரும் வெருள வேண்டியதுமில்லை. 34 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வுக் கணக்குப்படி, ஒரு சிசு மரணத்தைத் தவிர்க்க 544 தாய்மாருக்கு வலி தூண்ட வேண்டியிருக்கும். ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் தாய்க்குச் சொல்வதுதான் நேர்மை.

கனடாச் சித்தி சொல்வதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முதற்கர்ப்பத் தாய்மாரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 39ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 வீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 வீதத்தினருக்கும் சிசேரியன் செய்ய வேண்டி வந்தது. மருந்து வைத்தால் வயிற்றை வெட்டுவார்கள் என்று அஞ்சும் மாமியார் இந்த எண்களைக் கேட்க வேண்டும். அதேவேளை, ஒவ்வொரு தாயையும் கூர்ந்து கண்காணிக்கக்கூடிய பெரிய வைத்தியசாலைகளில் கிடைத்த முடிவு அது. கட்டில்களும் தாதியரும் குறைவாக உள்ள எங்கள் விடுதிகளில், ஆரோக்கியமான ஒரு தாய் 39ஆம் வாரத்திலேயே தனக்குச் செய்யும்படி வற்புறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பன்னீர்க்குடம் உடைந்தும் வலி வராமை, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை இருந்தால் கதையே வேறு. அப்போது வைத்தியர் சொல்லும் நாளே நாள்.

என் அனுபவத்தில், பெண்களைத் தளரச் செய்வது மருந்தைவிட, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமையே. கருப்பைக் கழுத்து மென்மையாகித் திறக்கத் தொடங்கியிருக்கிறதா என்று முதலில் கைவைத்துப் பார்ப்பார்கள். விரலால் பன்னீர்க்குடத்தின் சவ்வைக் கருப்பைக் கழுத்திலிருந்து மெல்ல விலக்கிவிடுவது உண்டு. அது சற்று நோகும், சிறிது இரத்தம் படலாம், சிலருக்கு அதிலேயே ஓரிரு நாளில் வலி தொடங்கிவிடும். கழுத்து இறுகியே இருந்தால் நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைச் செலுத்தி அதில் நீரேற்றி வைப்பார்கள், அல்லது ஜெல்லோ மாத்திரையோ வைப்பார்கள். அது திறந்தபின் பன்னீர்க்குடத்தை உடைத்து, வலியை வரச்செய்யும் ஒக்சிடோசின் மருந்து கலந்த சேலைனை ஏற்றுவார்கள். தலைப்பிள்ளையாயின் இது முழுவதற்கும் ஒரு நாளுக்கு மேலும் செல்லலாம். பக்கத்துக் கட்டிலில் மூன்றாவது பிள்ளைக்கு வந்தவள் காலையில் வந்து மத்தியானமே பெற்றுவிட்டுப் போக, தான் இரண்டாம் இரவும் அங்கேயே படுத்திருப்பதைத் தன் தோல்வியென்று எண்ணி அழுத பிள்ளைகள் பலர். இது இயல்பென்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திராது. ஒக்சிடோசின் வலி நெருக்கமாகவும் கடுமையாகவும் வரக்கூடியது, வலி அளவுக்கு மிஞ்சினால் குழந்தையின் இதயத்துடிப்புப் பாதிக்கப்படலாம், அதனால்தான் அடிக்கடி வந்து பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் பெற்றோம், எங்களுக்கு யார் மருந்து வைத்தார்கள்?" என்று கேட்கும் அம்மாமார் எங்கள் மண்ணில் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதே கொட்டில்களில் காப்பாற்ற முடியாமற்போன சிசுக்களையும் அவர்கள் அறிவார்கள். தங்கள் மகளுக்கு அந்த நிலை வேண்டாம் என்றுதான் அவர்களும் விரும்புவார்கள். நல்ல நட்சத்திரம் வரும்வரை வைத்தியசாலையில் அனுமதிப்பதைத் தள்ளிப்போடும் வீட்டாரிடமும் ஒன்றைக் கேட்கிறேன்: சாதகம் எழுதுவதற்குப் பிள்ளை உயிரோடு வேண்டுமல்லவா?

எல்லாவற்றையும் கேட்டபின் ஒரு தாய் 41ஆம் வாரத்தில் தூண்டல் வேண்டாம் என்று சொல்வாளானால், அது அவளது உரிமை. ஆனால் அந்தக் காத்திருப்பு வீட்டுத் திண்ணையில் நடக்கக் கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பையும் பன்னீரின் அளவையும் பார்க்கக்கூடிய இடத்தில், குழந்தையின் அசைவைக் கவனித்தபடி காத்திருக்க வேண்டும். மார்கழி மழையில் குளம் வான்பாய்ந்து பாதை மூடப்பட்டால், அல்லது இரவில் காட்டுவீதியில் யானை நின்றால், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்தாலும் அது வந்து சேர நேரமெடுக்கும். கொழும்பில் இருக்கும் தாயும் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் தாயும் ஒரே அளவில் காத்திருக்க முடியாது. தூரத்துத் தாய்மாரைத் திகதிக்கு முன்னரே அனுமதிப்பதற்கு இதுவே காரணம் என்று எடுத்துச் சொன்னால், "சும்மா கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள்" என்ற முறைப்பாடு எழாது.

ஒன்றை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். என் பெறாமகள் ஒருத்தியின் முதற்பிரசவத்தின்போது, தமிழ் தெரியாத இளம் வைத்தியர் ஒருவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வசனம் சொல்லிவிட்டு ஒப்பத்துக்குத் தாளை நீட்ட, வலி தூண்டவா சத்திரசிகிச்சைக்கா என்று விளங்காமலேயே அவள் கையெழுத்திட்டாள். அந்த வைத்தியர் கெட்டவர் அல்லர். அந்த நேரம் எத்தனை கட்டில்கள் அவருக்காகக் காத்திருந்தனவோ. ஆனால் அப்படிப் பெறுவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. எனவே, வட மாகாண சுகாதாரத் திணைக்களத்தினரிடம் நான் கேட்பது இவ்வளவே: 36ஆம் வாரக் கிளினிக்கில் இதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள், முதல் ஸ்கானின்படி உறுதியான ஒரே திகதியை அட்டையின் முன்பக்கத்தில் எழுதுங்கள், எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுங்கள், பிரசவ விடுதியில் ஒப்பம் வாங்கும்போது தமிழ் பேசும் தாதி ஒருவரையோ குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரையோ அருகில் நிறுத்துங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
துணுக்காய்.