ஆறு லிங்க்

மடிப்பாக்கம்
ஞாயிறு, காலை

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ பொங்கலுக்கு வந்துபோய் ஐந்து வாரம் ஆகிறது. அம்மாவிடம் பேசுகிறாய். போனை என் கையில் கொடுத்தால் "மீட்டிங் இருக்குப்பா" என்கிறாய். இருக்கும். கோயம்புத்தூருக்கு 1994-க்குப் பிறகு இப்போதுதான் புதிதாக முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), வேலை இல்லாமலா போகும்? சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. சைட் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தனியாகப் போகாதே. நான் சர்வேயராக சர்வீஸில் இருந்தவரை அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு ஆள் இல்லாமல் புலத்தில் இறங்கியதில்லை. நீ பெண்பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. நிலம் என்று வந்துவிட்டால் நல்ல மனுஷன்கூட வேறு ஆளாகிவிடுவான்.

சித்தப்பா போன ஞாயிறு வந்திருந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த மனை விவகாரம்தான். நீ சொன்னது சரி. 20.10.2016-க்கு முன்னால் பதிவான அனுமதியில்லாத மனையை வரன்முறைப்படுத்தலாம் என்று விதி வந்ததே தவிர, ஏரி, வாய்க்கால் என்று நீர்நிலையில் விழும் மனைக்கு அது கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் அதை நடுக்கூடத்தில், சித்தி எதிரில், "வாய்க்காலை வாங்கியிருக்கீங்க சித்தப்பா, மனையை இல்லை" என்றா சொல்வது? நீ பி.ஆர்க். சேர்ந்தபோது முதல் வருஷப் பணம் கட்டியவர் அவர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை அம்மு. 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை வந்தபோது பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் 7,933 நகரங்கள், அதில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. மாநிலங்களில் நகரமைப்பாளர் பணியிடம் மொத்தமே நாலாயிரத்துக்கும் குறைவு, அதிலும் பத்துக்கு நாலு காலி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிறேன் என்று நீ நின்றபோது வாயடைத்துப் போனேன். ரிசல்ட் வந்த அன்று தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்ததும் நான்தான். எதிர்வீட்டு சாரிடம் இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று என் பெண் கோடு போடுகிறாள் என்று.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கெங்கோ போகிறேன்.

பொங்கலன்று நீ நம் புலப்பட நகலை, நம் நிலத்தின் சர்வே அளவு வரைபடத்தை, கேட்டாய். ஏதோ ஆபீஸ் வேலைக்கு மாதிரி பார்க்கிறாய் என்று பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாய். பென்சில் முனையால் ஜி லைனை, அந்த அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான கோட்டை, தொட்டுக்கொண்டே போனாய். வாய்க்கால் புறம்போக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அதில் அகலம் 20 என்று இருக்கிறது. இருபது லிங்க், பதிமூன்று அடிக்குக் கொஞ்சம் மேல். கொல்லைக் கதவைத் திறந்து முருங்கை வரை போய்ச் சுவரோரம் நின்றாய். திரும்பி வந்து நகலை நாலாக மடித்து என் கண்ணாடிக் கூட்டின் அடியில் வைத்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காமல் போனாயே, அதுதான் தூங்கவிடவில்லை.

தெரியாமல் கட்டவில்லை அம்மு. 1996-ல் பின்சுவர் எழுப்பும்போது எல்லைக்கல் எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். ஊரான் நிலத்துக்கெல்லாம் கல் நட்டவன் நான். அன்றைக்கு நானே கயிறு பிடித்து, கல்லைத் தாண்டி ஆறு லிங்க் தள்ளிக் கட்டச் சொன்னேன். ஏறக்குறைய நாலடி. கிணற்றடிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் இடம் போதவில்லை என்று அம்மா சொன்னாள். வாய்க்காலில் அப்போது நாணல்தான் இருந்தது, வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் போனால் அதிகம். நாலடியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "சர்வேயர் சாரே அங்கேதான் கட்டியிருக்கார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் சுவருக்கு நேராகக் கயிறு கட்டினார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. நம் வரிசையில் பதினோரு வீடு. எதிர்க்கரையிலும் சும்மா இருப்பார்களா? கீழ்க்கட்டளைப் பக்கத்துத் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டியது. அதற்கு நாம் விட்டிருப்பது ஒரு சாக்கடை அகலம்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. நம் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, கொல்லை வழியாகத்தான் வந்தது. உன் டிராயிங் ஷீட்டெல்லாம் ஊறிப்போய் நீ மொட்டைமாடியில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டாய். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று தெருவே சொன்னது. நானும் சேர்ந்து சொன்னேன். 2023-ல் மிக்ஜாம் வந்தபோதும் அதையேதான் சொன்னேன். அந்த வெள்ளத்தைப் பார்த்துத்தானே நீ நகரமைப்பில் எம்.பிளான் படிக்கப் போனாய்? உன் இன்டர்வியூவில்கூட அதைச் சொன்னதாகச் சொன்னாய். கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பாவை நீ கேட்டதில் எனக்குக் கோபம் வந்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நேற்று விடியற்காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தேன். நம் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஐந்தடி இரண்டு அங்குலம். அந்த முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு செங்கல்லை வைத்து அழுத்திக்கொண்டேன். சுவரை உள்ளே தள்ளிக் கட்ட எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். நம் ஒரு வீடு இடித்தால் தண்ணீர் போய்விடாது, மற்ற பத்து வீட்டுக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும். என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. ஆனால் போகத்தான் வேண்டும்.

மாசிமகத்துக்கு லீவு கிடைத்தால் வா. டேப்பின் ஒரு முனையை நீ பிடி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அந்த முருங்கை அவள் வைத்தது. நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, நான்தான் சொல்ல வேண்டும்.

எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். சைட்டுக்குத் தனியாகப் போகாதே.

அன்புடன்,
அப்பா