வெண்ணெயும் முட்டையும் நடத்திய கடை

அன்புள்ள நண்பர் சோமசுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், மளிகைக் கடையை மூத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருக்கப் பழகிவருவதும் அறிந்து மகிழ்ந்தேன். மூத்தவர் பற்று வரவு நோட்டையே ஒழித்துவிடப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு, பின்னால் சொல்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் மகள் வீட்டில் நலமாக இருக்கிறோம். குளிர் மட்டும் என் முழங்காலை விடுவதாக இல்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மரமோ மனிதரோ கண்ணுக்கு எட்டாத இந்தப் புல்வெளியில் ஒருவன் எதை நம்பிக் கடை வைத்தான், யாரை நம்பிக் கடன் கொடுத்தான் என்று கேட்டிருந்தீர்கள். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்த எனக்கும் அதே கேள்விதான். வந்த நாள் முதல் இங்குள்ள அருங்காட்சியகங்களிலும் நூலகத்திலும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நிலம். 1862-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டத்தின்படி, 18 டாலர் கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தமாயிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி முதல் நாளன்றே மனுப்போட்டவர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமன் என்பவரின் நிலம் இங்கிருந்து தெற்கே, பீட்ரிஸ் என்ற ஊரருகே, தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. இலவச நிலம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது எவரும் இல்லாத நிலமாக இருக்கவில்லை. நெப்ராஸ்காவின் ஆற்றோரங்களில் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் பயிரிட்டு, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த பானி என்ற பூர்வகுடி மக்கள் 1870-களின் நடுவில் இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் பெயர்க்கப்பட்டார்கள். நான் எழுதப்போகும் கடைகள் அந்தப் பெயர்ப்பை ஒட்டியும் அதற்குப் பின்னும் எழுந்தவை.

ஊர்களை அமைத்தது பெரும்பாலும் ரயில். லிங்கனுக்கு மேற்கே பர்லிங்டன் ரயில் நிறுவனம் தண்டவாளம் போட்டுக்கொண்டே ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டு போயிருக்கிறது: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல். மக்கள் வருவதற்கு முன்பே வரைபடத்தில் மனை பிரித்து விற்ற ஊர்கள் இவை. நீராவி இயந்திரத்துக்கு இடையிடையே தண்ணீர் வேண்டும், தானியம் ஏற்றிவரும் குடியானவனின் குதிரைவண்டி ஒரே நாளில் வந்து திரும்ப வேண்டும். இவ்விரண்டையும் கணக்கிட்டே நிலையங்களை அமைத்தார்கள். மரமில்லாத நாடாகையால் மரப்பலகை விற்பவர் முதலில் வந்துவிடுவார். தொடர்ந்து பலசரக்குக் கடை, கொல்லுப்பட்டறை, தானியக் கிடங்கு, வங்கி, தவறாமல் ஒரு செய்தித்தாள். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில் செய்தித்தாள் எப்படிப் பிழைத்தது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. நிலத்துக்கு இறுதி உரிமை கோருபவர் அந்த அறிவிப்பை அருகிலுள்ள செய்தித்தாளில் காசு கொடுத்து வெளியிட வேண்டும் என்று 1879-இல் சட்டம் வந்திருக்கிறது. அந்த அறிவிப்புக் கட்டணத்தை நம்பியே பல அச்சகங்கள் ஓடியிருக்கின்றன.

இனி, நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் கடைக்கு வருகிறேன். ஒரே நீண்ட அறை. ஒரு பக்கத்து அடுக்குகளில் சீட்டித்துணிச் சுருள்கள், நூல், பொத்தான், காலணி. மறுபக்கத்தில் காப்பி, சர்க்கரை, தேயிலை, புகையிலை, மருந்துப் புட்டிகள். பின்கட்டில் மண்ணெண்ணெய், வெல்லப்பாகு, உப்பிட்ட பன்றி இறைச்சிப் பீப்பாய்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் வாளிகளும் குதிரைச் சேணங்களும். நடுவில் கணப்படுப்பு, அதைச் சுற்றித்தான் ஊர்ப்பேச்சு. அஞ்சலகமும் பெரும்பாலும் இதே கடையின் ஒரு மூலையில் இருக்கும். அஞ்சலதிகாரிப் பதவிக்குக் கடைக்காரர்கள் முட்டிமோதியதற்குக் காரணம் அதில் கிடைத்த ஊதியமன்று. கடிதம் கேட்டு வருபவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பதுதான்.

உங்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தி. துணிக்கும் காலணிக்கும் கட்டியிருக்கும் சீட்டில் விற்பனை விலையோடு, கொள்முதல் விலையை எழுத்துக் குறியாகவும் எழுதிவைப்பார்கள். திரும்ப வராத பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லைக் கடைக்காரர் தெரிந்தெடுத்துக்கொள்வார். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். பேரம் பேசுபவரிடம் எதுவரை இறங்கலாம் என்பது கடைப்பையனுக்குத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. நம்மூர் வணிகர்களின் குழூஉக்குறியை நீங்கள் எனக்கு விளக்கிக் காட்டிய அந்த மாலை நினைவுக்கு வந்து, அருங்காட்சியகத்தில் தனியே சிரித்தேன்.

கடனைப் பொறுத்தவரை, அறுவடைக்கு அறுவடைதான் கணக்கு. ஒமாகா, சிகாகோ மொத்த வியாபாரி கடைக்காரருக்குச் சில மாதத் தவணை கொடுப்பார். கடைக்காரர் குடியானவருக்குக் கொடுப்பார். மழை பொய்த்தால் மூவரும் ஒரே வரிசையில் சரிவார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்பது அங்கும் இருந்திருக்கிறது. கடைக்காரரை மொத்த வியாபாரி எப்படி எடைபோட்டார் என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. ஆர். ஜி. டன் போன்ற வணிகத் தகவல் நிறுவனங்கள் ஊர்தோறும் ஒரு வழக்கறிஞரையோ வங்கியாளரையோ அமர்த்தி, இன்ன கடைக்காரர் குடிப்பாரா, சொத்து எவ்வளவு, குடும்பம் எப்படி என்று எழுதி வாங்கி, பேரேடுகளில் பதிந்து, கட்டணம் செலுத்துபவருக்குக் காட்டின. நம் வங்கியில் மனுதாரரின் நாணயம் பற்றி நான் நிரப்பிய படிவங்களைவிட அவை கூர்மையானவை.

ஆனால் இவையெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை தீரும் பெரிய கணக்குகள். வாரந்தோறும் கடையை ஓடவைத்தது வேறு என்பதுதான் இத்தனை நாள் தேடியதில் நான் வந்து சேர்ந்த முடிவு. கோதுமைப் பணம் வந்த கையோடு கலப்பைக் கடனுக்கும் நில அடமானத்துக்கும் போய்விடும். சர்க்கரை, காப்பி, பிள்ளைகளின் சட்டைத்துணி எல்லாம் வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த வெண்ணெய்க்கும் முட்டைக்குமே மாறின. சனிக்கிழமை கணவனோடு வண்டியில் வரும் பெண், ஈரத்துணியில் சுற்றிய வெண்ணெய்க் கட்டியையும் முட்டைக் கூடையையும் கடைப்பலகைமேல் வைப்பாள். அதன் மதிப்பை வரவு வைத்துக்கொண்டு, அதற்குச் சரியாகச் சாமான் எடுத்துக்கொள்வாள். மிச்சமிருந்தால் ரொக்கம் கிடைப்பது அரிது, அடுத்த வாரத்துக்கான சீட்டுதான் கிடைக்கும்.

இந்த வெண்ணெய்தான் கடைக்காரருக்குத் தலைவலி. ஒருத்தி நன்றாகக் கடைந்து, மோர் போகப் பிசைந்து, அளவாக உப்பிட்டு, மரஅச்சில் பூவோ கதிரோ பதித்து மஞ்சளாகக் கொண்டுவருவாள். இன்னொருத்தியின் கட்டியில் மோர் தங்கிப் புளித்திருக்கும், மயிரும் கிடக்கும். துணியை விலக்கி மோந்து பார்க்கும் கடைக்காரர் முகம் சுளிக்க முடியாது. சுளித்தால் அந்தக் குடும்பம் மட்டுமல்லாமல் அவள் அக்கா தங்கை குடும்பங்களும் எதிர்க்கடைக்குப் போய்விடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே விலை. நல்லதை ஊரிலேயே தெரிந்தவர்களுக்கு எடுத்துவைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஒன்றாகப் பீப்பாயில் அமுக்கி ரயிலேற்றினால், சந்தையில் அது மசகெண்ணெய் விலைக்குப் போகும். முட்டைகளை ஓட்ஸ் தானியத்துக்குள் அடுக்கி அனுப்புவார்கள். கோடையில் எத்தனை தேறும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நட்டத்தை அவர் சீட்டித்துணியில் ஈடுகட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கடைந்தவளுக்கு இது அநீதிதான். ஊரில் ஒரே கடை என்றால் அவளுக்கும் வேறு வழியில்லை.

அந்தப் பெண் திரும்பிப்போன வீடு மண்வீடு. கெட்டியான புல்வேர் பின்னிய மேல்மண்ணைத் தனிக் கலப்பையால் நீள நீளமாக அறுத்து, மூன்றடிக்கு ஒரு பாளமாக வெட்டி, புல் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கிக் கட்டியது. இரண்டடிக்குக் குறையாத சுவர் என்பதால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. ஆனால் கூரையும் மண்தான். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும், அடுப்புக்குமேல் குடை பிடித்துச் சமைத்தவர்கள் உண்டு. மண்ணும் சில சமயம் பாம்பும் விழுமென்று மேலே மல்துணி கட்டினார்கள். சுவருக்குச் சுண்ணாம்படித்தார்கள், அல்லது பழைய செய்தித்தாளை ஒட்டினார்கள். கஸ்டர் மாவட்டத்தில் 1886 முதல் வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்த சாலமன் புட்சரின் தொகுப்பை இந்நகரில் பார்க்கலாம். ஒரு படத்தில், வீட்டம்மாள் தம் ஆர்கன் இசைப்பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவரச் செய்து, அதனருகில் நின்றிருக்கிறார். ஊரிலுள்ள உறவினருக்கு ஆர்கன் தெரிய வேண்டும், மண்வீடு தெரியக்கூடாது என்பது அவர் விருப்பமாம். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை பிறந்தது.

விறகில்லாத நாட்டில் அடுப்பெரித்தது நமக்குப் பழகிய பொருளே. காட்டெருமைகள் விட்டுப்போன காய்ந்த சாணத்தையும், பின்னர் மாட்டு வரட்டியையும் பெண்கள் முந்தானை நிறையப் பொறுக்கினார்கள். அதுவும் தீர்ந்தால் வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். மக்காச்சோளம் நிலக்கரியைவிட மலிந்த ஆண்டுகளில் சோளக் கதிரையே எரித்திருக்கிறார்கள். விற்க முடியாத விளைச்சலைக் கையால் அடுப்பில் போடும் குடியானவனின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பி மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது. முதலில் பச்சைக் கொட்டையை வாங்கி வாணலியில் வறுத்துத் தீய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பிட்ஸ்பர்க்கின் ஆர்பக்கிள் நிறுவனம் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சர்க்கரையும் கலந்த மேற்பூச்சுப் பூசி, ஒரு பவுண்டு காகிதப் பையில் அடைத்துக் கொடுத்தது. பைக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சியும் இருக்கும். கொட்டையை யார் அரைப்பது என்று பிள்ளைகள் போட்டியிட்டார்களாம்.

1874-ஆம் ஆண்டு கோடையில் வெட்டுக்கிளி வந்தது. வயலை மட்டுமன்று, கொடியில் காய்ந்த துணியையும், வியர்வை உப்பேறிய மண்வெட்டிப் பிடியையும் தின்றன. தண்டவாளத்தில் அப்பி நசுங்கி ரயிலை வழுக்க வைத்தன. ராணுவக் கிடங்கிலிருந்து பழைய கோட்டுகளை எடுத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு பேரேட்டை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போன கடைக்காரர்களும் உண்டு, எழுதிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கே பிற்பாடு வாடிக்கை நிலைத்தது என்று நினைக்கிறேன். மூத்தவரிடம் நான் சொல்ல விரும்புவதும் இதுவே: கைப்பேசியில் பணம் வாங்கட்டும், நல்லதுதான், ஆனால் பஞ்சம் வரும் ஆண்டில் கடன் எழுத ஒரு நோட்டு இருக்கட்டும்.

இதே காலத்தில் சிகாகோவில் ஆரன் மான்ட்கோமரி வார்டு 1872-இல் 163 பொருள்கள் கொண்ட ஒற்றைத் தாள் விலைப்பட்டியலை அச்சிட்டு, விவசாயிகள் சங்கத்தாருக்கு அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். விலை குறைவு, ஆனால் ரொக்கம் வேண்டும், வெண்ணெய் செல்லாது. உள்ளூர்க் கடைக்காரர்கள் அவரையும் பின்னால் வந்த சியர்ஸ் நிறுவனத்தையும் வசைபாடினார்கள், 1913-இல் பார்சல் அஞ்சல் வருவதை முடிந்தவரை எதிர்த்தார்கள். கடன் வேண்டுமென்றால் உள்ளூர், ரொக்கம் கையில் இருந்தால் சிகாகோ என்று நடந்துகொண்ட குடியானவர்மீது எனக்குக் கோபமில்லை, உங்களுக்கு இருக்கக்கூடும்.

கடைசியாக, கான்சஸ் மாநிலத்து நிக்கோடிமஸ் பற்றி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கென்டக்கிக் கறுப்பின மக்கள் 1877-இல் அமைத்த ஊர். எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி இரண்டு நாள் நடந்து வந்தவர்கள் கண்டது, தரைக்குள் தோண்டிய குழிவீடுகளிலிருந்து எழும் புகையை மட்டுமே. முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பூர்வகுடி மக்கள் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததாகச் சொல்கிறார்கள். பத்தே ஆண்டுகளில் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், கடைகள், விடுதிகள், வங்கி, இரண்டு செய்தித்தாள்கள் என ஊர் எழுந்துவிட்டது. ரயிலை வரவழைக்க 1887-இல் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கும் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தண்டவாளம் ஆற்றுக்கு அப்புறம் சில மைல் தள்ளிப் போயிற்று. அங்கே முளைத்த போக் என்ற ஊருக்குக் கடைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. வீடுகள் நின்றன, வெண்ணெயை விற்க இனிமேல் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும் என்றானது. இருந்தும் சில குடும்பங்கள் நகரவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கோடையில் அங்கே கூடுகிறார்கள். 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். சாலையில் பனி உருகியதும் மாப்பிள்ளை எங்களை அங்கே அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தகப்பனார் காலத்துப் பேரேடுகள் பரணில் இருப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். மழையில்லாத ஆண்டுகளில் அவர் எந்தப் பெயர்களை அடித்துவிட்டார், எவற்றை அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோனார் என்று, கண் நன்றாகத் தெளிந்தபின், பார்த்து எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்