புவிவெப்ப மின்நிலைய வாயுக் கசிவு: உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சோரிக் மராபி நிலையம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2021 ஜனவரி 25 அன்று அங்கே நிலத்தடி நீராவி எடுக்கும் ஒரு கிணற்றைச் சோதனைக்காகத் திறந்தபோது, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு வெளியேறி ஊர்மக்கள் 5 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். மூடிக் கிடக்கும் கிணற்றின் தலைப்பகுதியில் வாயு சேர்ந்திருக்கும். வால்வைத் திறந்ததும் முதலில் சீறி வருவது அதுதான். ஆகவே அந்த நேரத்தில் பக்கத்து வயலில் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

அந்த வாடை நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியதாக நினைக்காதீர்கள். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் ஓடையிலும் தேங்கும், காற்றசையாத இரவில் இன்னும் மோசம். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நகர்ந்து மேட்டுக்கு ஏறுங்கள். ஈரத்துணியோ என்95 முகக்கவசமோ இதைத் தடுக்காது. மயங்கி விழுந்தவரைத் தூக்க, மூச்சுக்கருவி இல்லாமல் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவர்களும் இப்படித்தான் சாகிறார்கள்.

சட்டையில் மாட்டும் அளவுமானி வாங்குவோர் கவனிக்க: பணியாளர்களை எச்சரிக்கத்தான் அது. பல மானிகள் 1 பி.பி.எம்.முக்குக் கீழே காட்டாது. வெளிக்காற்றில் இந்த வாயுவுக்கு அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் வைத்துள்ள 1 மணி நேர வரம்போ 25 பி.பி.பி. (நூறு கோடியில் 25 பங்கு), அதாவது 0.025 பி.பி.எம். திரையில் 0 தெரிந்தாலும் அந்த வரம்பைப் பலமடங்கு தாண்டியிருக்கலாம். உங்கள் பக்கத்து நிலையத்திடம் பி.பி.பி. அளவில் மணிவாரிப் பதிவையும், கிணறு திறக்கும் நேரத்தை முன்கூட்டியே எழுத்திலும் கேளுங்கள். வாடை வந்தால் நேரம், இடம், காற்றின் திசை மூன்றையும் குழுவில் பதியுங்கள்.