பழைய வண்டியை உயர்த்தவும் ஒரு சட்டவழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் நான். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து எங்கள் களம் வரை இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி மழையில் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களும் அரித்துப் பள்ளமாகி, நடுவே முதுகுபோல ஒரு வரப்பு எழுந்துவிடும். அந்த வரப்பில் என்னுடைய 1997ஆம் ஆண்டு ஜிப்சியின் வயிறு உரசாத வருடம் இல்லை. வண்டியின் உடலை ஓர் ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டால் போதும், சைலன்சர் குழாயும் எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்ப நடுவில் தொங்கும் டிரான்ஸ்பர் கேஸும் தப்பிவிடும். இவ்வளவு சிறிய வேலையைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்ய வழி தேடி, நான்கு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துபூர்வமான ஒரு பதிலுக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். மலையிலும் தோட்டப் பாதைகளிலும் பழைய வண்டி ஓட்டும் பலருக்கும் இதே கேள்வி இருப்பதை அறிவேன் என்பதால் இதைத் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகளுக்கு முன்பு, கீழே சமவெளியில் உள்ள ஒரு பட்டறையில், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து உட்கார்ந்துவிட்டன என்று காட்டியபோது, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, பட்டையின் நுனியை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிளையும் நீளமானதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டி கம்பீரமாக எழுந்து நின்றது. நானும் வேறெதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டபோதுதான், டார்ச் வெளிச்சத்தில் அந்த ஹோஸ் கண்ணில் பட்டது. வண்டியின் சேஸிஸிலிருந்து அச்சுக்கு வரும் பிரேக் ஆயில் ரப்பர் ஹோஸ், வழக்கமாகத் தளர்ந்து வளைந்து தொங்க வேண்டியது, வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. முனையிலுள்ள பித்தளை நட்டின் ஓரத்தில், தலைமுடி கனத்தில் வட்டமாக மூன்று வெடிப்புகள் இருந்தன. விரலால் அழுத்தினால் வாய் திறந்தன. அந்த மூன்று மாதமும் அந்த ஹோஸை நம்பித்தான், வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் வத்தலக்குண்டுக்கு இறங்கியிருக்கிறேன். மறுநாளே பழைய பட்டைகளையும் ஷாக்கிளையும் திரும்பப் போட்டு, ஹோஸையும் மாற்றினேன்.

ஆகவே, வண்டியை உயர்த்துவதில் ஆபத்தே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. உயரம் கூடும்போது என்னென்ன மாறுகிறது என்பதைப் பட்டறைக்காரர்களில் பலர் வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை. முன்பக்கம் நீளமான ஷாக்கிள் போட்டால் அச்சு லேசாகப் புரண்டு, காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்புவது மந்தமாகிறது. அச்சுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, அதன் சிலுவை மூட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. சில வண்டிகளில் பின் அச்சோடு கம்பியால் இணைக்கப்பட்டு, பாரத்துக்கு ஏற்பப் பின்சக்கர பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. உடல் உயர்ந்தால் அந்த வால்வு, வண்டி வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முழுப் பாரத்திலும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன்பக்கம் மட்டும் கூடுதலாக எழுந்தால், முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கவிழும் தன்மை. ஜிப்சி கிங்கில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர். ஈர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால், அகலத்தில் பாதியை உயரத்தால் வகுக்கக் கிடைப்பது 1. ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் ஏறினால் அது 0.93 ஆகிவிடும். அதாவது, கவிழாமல் தாங்கும் திறனில் ஏறத்தாழ 7 சதவீதம் போய்விடுகிறது. இரண்டு அங்குலத்துக்கே இவ்வளவு என்றால், நான்கும் ஆறும் அங்குலம் தூக்கிப் பெரிய டயர் மாட்டி நகரச் சாலையில் உலவும் வண்டிகளைப் பிடித்து அபராதம் போடுவதில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜிப்சி, பழைய மகேந்திரா ஜீப் போன்ற இடது, வலது சக்கரங்களை ஒரே இறுகிய அச்சு இணைக்கும் வண்டிகளில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் ஏறும். அச்சிலேயே உள்ள டிஃபரன்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழியில்லை. பெரிய டயர் போட்டாலோ, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பாறைக்கு டிஃபரன்ஷியல் தப்பும் என்று நம்பிப் பட்டை ஏற்றுபவர்கள் தங்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது: வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதல். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இந்தப் பிரிவை உறுதிப்படுத்தி, உற்பத்தியாளரின் குறிப்புக்கு மாறாகச் செய்யும் மாற்றத்தை மாநில விதியைக் காட்டி அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

என் ஆர்.சி. அட்டையை எடுத்துப் பார்க்கிறேன். எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, வெறும் எடை, வீல்பேஸ் எல்லாம் இருக்கின்றன. தரையிலிருந்து உயரம் என்று ஒரு வரி கிடையாது. அப்படியானால் ஒன்றரை அங்குலம் உயர்த்துவது பதிவுச் சான்றிதழுக்கு முரணா, இல்லையா? அடிப்படைத் தன்மை மாறியதா, இல்லையா? 2022இல் மூன்றாம் முறையாகப் பதிவைப் புதுப்பிக்க (பேச்சு வழக்கில் நாங்கள் எஃப்.சி. என்றே சொல்கிறோம்) வண்டியைக் கொண்டுபோனபோது, ஓர் அலுவலகத்தில் இதையே கேட்டேன். ஒருவர், கம்பெனி கொடுத்ததில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது என்றார். அடுத்த மேசையில் இருந்தவர், ஆர்.சி.யில் இல்லாத விஷயம்தானே, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வெளியே நின்ற இடைத்தரகர், ஒரு பொறியாளரிடம் கடிதம் வாங்கினால் போதும் என்றார். எந்தப் பொறியாளர், எந்த விதியின்படி என்று கேட்டதற்குப் பதிலில்லை. மூவரில் எவர் சொன்னதும் எழுத்தில் இல்லை. நாளை ஒரு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, தெரிவிக்கப்படாத மாற்றம் என்று ஒரு வரி எழுதும்போது, அந்த மேசைக்காரரின் வாய்மொழி எனக்கு உதவாது.

இத்தனைக்கும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கு மாற்ற விரும்புபவர் என்ன செய்கிறார்? சோதனை நிறுவனம் அங்கீகரித்த கிட்டை, அனுமதி பெற்ற பட்டறையில் பொருத்தி, பதிவு அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்துகொள்கிறார். உயர் அழுத்த எரிவாயு உருளையை டிக்கியில் வைப்பதற்கு முறையான பாதை போட முடிந்த நாட்டில், நான்கு கட்டுப் பட்டைக்குப் பாதை போட முடியாதா? மாற்றுத்திறனாளிகள் தங்கள் தேவைக்கேற்ப வண்டியை மாற்றிவிட்டு, அதன்பின் பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பெறவும் இதே 52ஆம் பிரிவு இடம் தருகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, மாற்றங்களுக்கும் கூடுதல் பொருத்தங்களுக்குமான தரங்களையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றே கூறுகிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடங்கிய சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமாறுதான் கேட்கிறேன்.

வெளிநாட்டில் இது புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், சஸ்பென்ஷனால் 50 மில்லிமீட்டரும் டயரால் 25 மில்லிமீட்டரும் ஆக 75 மில்லிமீட்டர் வரை, நான்கு சக்கர இயக்க வண்டிகளைத் தனிச் சான்றிதழ் இல்லாமலே உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் ஸ்பிரிங் கிட்டோடு அதன் சோதனை அறிக்கையும் வருகிறது. பொருத்தியபின் ஆய்வு மையத்தில் காட்டினால், வண்டியின் ஆவணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் மலைப்பாதைகளுக்கு 75 அதிகம் என்பது என் கருத்து. மொத்த உயர்வு 50 மில்லிமீட்டருக்கு மிகாமல், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், நீளமான பிரேக் ஹோஸ், பட்டையை அச்சோடு இறுக்கும் புதிய யு-போல்ட் அனைத்தும் ஒரே தொகுப்பாக, அங்கீகார எண் பொறிக்கப்பட்டு வர வேண்டும். கழற்றிய யு-போல்ட்டைத் திரும்ப முடுக்குவதும், முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதும் வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும். சோதனைக்கு எங்கும் ஓட வேண்டியதில்லை. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனம் இருக்கிறது; நம் ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொருத்தியபின் மோட்டார் வாகன ஆய்வாளர் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஹோஸைப் பார்த்து, முகப்பு விளக்கின் கோணத்தைச் சரிபார்த்து, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, அந்த நான்கு எண்களை ஆர்.சி.யில் ஏற்றினால் போதும். அரைமணி நேர வேலை. அதற்கு நியாயமான கட்டணம் கட்டுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பசுமை வரியும் புதுப்பிப்புக் கட்டணமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பழைய வண்டிகளைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய வண்டிகளில், சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வண்டியின் தொழிற்சாலை உயரத்தைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டிருக்கும். அதில் கைவைப்பது வேறு விவகாரம். எங்கள் வண்டிகளில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஜிப்சி பொதுமக்களுக்கு விற்கப்படுவது 2019இல் நின்றுவிட்டது. அசல் பட்டை கிடைப்பது அரிதாகி, உலைக்களத்தில் அடித்து வளைத்ததையே நம்பி ஓட்டும் நிலை. உட்கார்ந்துபோன பட்டையை மாற்றித் தொழிற்சாலை உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பா, சட்டம் சொல்லும் மாற்றமா என்பதில்கூட அலுவலகத்துக்கு அலுவலகம் பேச்சு வேறுபடுகிறது. இது பழுதுபார்ப்புதான் என்று போக்குவரத்து ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதிக் குழப்பம் தீரும். அதற்கு மத்திய அரசின் விதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சாலையைச் சரிசெய்யக் கேளுங்கள், வண்டியை ஏன் தூக்குகிறீர்கள் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். எங்கள் பாதை நான்கு பட்டாதாரர்களின் நிலத்தின் வழியாகச் செல்லும் தோட்டப் பாதை. ஒவ்வொரு மார்கழியிலும் நாங்களே கல் பரப்பி மண் கொட்டுகிறோம், அடுத்த ஐப்பசியில் அது ஓடைக்குப் போய்விடுகிறது. பிரசவத்துக்கு ஒரு பெண்ணை இறக்க வேண்டுமென்றாலும் அந்த வரப்பைத் தாண்டித்தான் வண்டி வர வேண்டும்.

கடந்த மாதம், 40 மில்லிமீட்டர் உயர்வுக்கான வரைபடம், நான்கு மூலையின் இப்போதைய அளவுகள், மாற்ற விரும்பும் பாகங்களின் பட்டியல் ஆகியவற்றோடு, பதிவு அலுவலகத்துக்கு மீண்டும் ஒரு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முடியும் என்றோ, இன்ன பிரிவின்படி முடியாது என்றோ ஒரு வரி எழுத்தில் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் அதன் நகலைத் தங்களுக்கும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.